ஏழு பாகைச் சரிவு

கோசலா ரீச்சர் ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும், குரல் மட்டும் இன்னும் கடைசி வாங்கு வரைக்கும் கேட்கும். ஊர்காவற்றுறை பஸ்ஸில் அவர் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொன்னது, பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெகதீஸின் காதில் விழுந்ததும் அப்படித்தான்.

"தம்பி லண்டனுக்குப் போகேக்க விட்டிட்டுப் போன கார், அக்கா. நல்ல சிவப்பு. நிலத்தோட படுத்துக் கிடக்கிற மாதிரிப் பதிஞ்ச கார். எனக்கு ஓடவும் தெரியாது, திருத்தவும் ஆளில்லை. வீட்டில நான் தனிய."

ஜெகதீஸ் கண்டக்டரிடம் மெதுவாக விசாரித்தான்.

"அண்ணை, அந்த ரீச்சருக்கு எந்த இடம்?"

"நாரந்தனை."

மூன்றாம் நாள் காலை ரீச்சரின் வீட்டு வாசல் படலையில் போய் நின்றான். "வீடு வீடாய்ப் போய்க் கார் திருத்துறனான், ரீச்சர்."

"கடவுள் அனுப்பின ஆள் நீர்! வாரும் தம்பி, வாரும்."

கார் அவன் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. அதை விற்க வவுனியாவில் ஆள் தயார். ஆனால் படலையைப் பார்த்ததும் சிக்கல் விளங்கிவிட்டது. புதிதாகப் போட்ட தெரு, வளவைவிட முக்கால் அடி உயர்ந்து நின்றது. காரின் முன் பம்பருக்கும் நிலத்துக்கும் இடையில் நாலு விரல்தான். வெளியே எடுக்கப் போனால், சக்கரம் தெருவைத் தொடுமுன் மூக்கு தொட்டுவிடும்.

"பற்றறி புதுசு போல கிடக்கு?"

"போன மாதம் ஒரு தம்பி வந்து போட்டவர். நாலு ரயரும் அதுக்கு முதல் வந்தவர் மாத்தினது. ரெண்டு பேரும் ஒருக்கா ஓடிப் பாப்பம் எண்டு படலை வரைக்கும் காரைக் கொண்டுபோனவை. பாவங்கள், பிறகு திரும்பி வரவே இல்லை."

ஜெகதீஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டான். அவர்களும் அவன் தொழில்தான். சரிவை அளக்காமல் வந்த மடையர்கள்.

"ஓயில் மாத்த வேணும், ரீச்சர். பதிஞ்ச கார். கீழ பூர ஏலாது. சக்கரத்தை ஏத்தி வைக்கச் சரிவான றாம்ப் வேணும். நானே கொண்டு வாறன்."

யாழ்ப்பாணத்து இரும்புக்கடையில் அரை நாள் நின்று தெரிவு செய்தான். பிளாஸ்ரிக் றாம்ப் தூக்கச் சுகம், ஆனால் மணலில் வழுக்கும். குட்டையான இரும்பு றாம்ப் உறுதி, ஆனால் சக்கரம் ஏறுமுன் பம்பர் இடிக்கும். கடைசியில் ஆறடி நீளத்தில், தாழ்ந்த சரிவுள்ள இரும்புச் சோடி ஒன்று அகப்பட்டது. உயரம் சரியாக முக்கால் அடி. கார் தாண்டிப் போகாமல் உச்சியில் இருந்த தடுப்பும் கழற்றக்கூடியது. விலையைக் கேட்டுத் தலை சுற்றியது. தன் மோட்டார்சைக்கிளை விற்று வாங்கினான். சிவப்புக் கார் கைக்கு வந்தால் அப்படிப் பத்து வாங்கலாம்.

ரீச்சர் கதிரையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு, அவன் வேலையைப் பாடசாலைப் பரிசோதகர் போலப் பார்த்தார். கார் றாம்பில் ஏறியது. பழைய ஓயில் இறங்கியது, புதியது போனது, வடிகட்டியும் மாறியது. நடுவில் இரண்டு தரம் தேத்தண்ணி.

பிறகு ஜெகதீஸ் றாம்பை இழுத்துப் படலையடியில் வைத்து, உச்சித் தடுப்புகளைக் கழற்றினான்.

"தம்பி, தடுப்பைக் கழட்டினா கார் நிக்காதே? அப்பிடியே போயிடுமே!"

அவன் கழற்றிய தடுப்புகளை ஓரமாக வைத்தான். "ஓடிப் பாத்தாத்தான், ரீச்சர், ஓயில் ஒழுகுதோ எண்டு தெரியும். சந்தி மட்டும்தான். வந்து காசை வாங்கிறன்."

ரீச்சர் வாய்க்குள் எதையோ கணக்குப் பார்த்தார்.

"ஆறடிக்கு முக்கால் அடி. ஏழு பாகை வரும். தட்டாது. ஓடும்."

தட்டவில்லை. சிவப்புக் கார் பூனை போல ஏறித் தெருவில் இறங்கியது. கண்ணாடியில் பார்த்தான். ரீச்சர் கை காட்டிக்கொண்டு நின்றார். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

சந்தியில் ஒரு பொலிஸ் மோட்டார்சைக்கிள் குறுக்கே நின்றது.

"ரீச்சரின்ரை கார்தானே?" பொலிஸ்காரர் முகம் முழுக்கச் சிரிப்பு. "நான் பிரவீனன். ரீச்சரிட்டக் கணக்குப் படிச்சனான். உமக்குத் தேத்தண்ணி போடேக்கயே எங்களுக்குப் போன் எடுத்தவ."

பக்கத்தில் நின்ற தடித்த மனிதர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "நான் இராசநாயகம், வேலணையில கடை வைச்சிருக்கிறன். றோட்டில ஏத்தித் தந்தா வாங்கிறன் எண்டு ரெண்டு வருசமா ரீச்சருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன். ரயர், பற்றறி, ஓயில் எல்லாம் புதுசாமே? பெரிய உபகாரம், தம்பி. திறப்பைத் தாரும்."

ஜெகதீஸ் பொலிஸ்காரரைப் பார்த்தான். திறப்பைக் கொடுத்தான்.

"என்ரை றாம்ப்..."

"வாரும், போய் எடுப்பம்," என்றார் பிரவீனன். "நானும் துணைக்கு வாறன். எந்தக் கராச்சில தொழில் பழகினனீர் எண்டு ரீச்சர் உம்மட்டக் கேக்கச் சொன்னவ."

"வேண்டாம் சேர். ரீச்சரே வைச்சிருக்கட்டும்."

அரை மணித்தியாலம் கழித்து யாழ்ப்பாணம் போகும் பஸ் வந்தது. ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று சீட்டுக்கு முன்னால் ஒரு குரல், கடைசி வாங்கு வரைக்கும் கேட்டது.

"ஐயாவின்ரை ட்ரக்டர் ஒண்டு பின் வளவில சும்மா நிக்குது, அக்கா. திருத்தத்தான் ஆளில்லை. வீட்டில நான் தனிய."

ஜன்னலோரம் இருந்த மீசைக்காரர் ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அந்த ரீச்சருக்கு எந்த இடம் என்று கண்டக்டரிடம் மெதுவாக விசாரித்தார்.