தொங்கும் சக்கரம்

பட்டறைக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் மதிய வெயில், ஜீப்பின் முன்சக்கரத்துச் சேற்றை உலர்த்திக்கொண்டிருக்கிறது. மெக்கானிக் அதனடியில் மல்லாந்து கிடக்கிறான். ஜீப் அவன் அக்கா வீட்டுக்காரருடையது. வீடியோ பார்த்துத் தன் கையாலேயே வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தியதிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. "பள்ளத்துல இறங்குனா டொக்குனு ஒரு சத்தம், மாப்ள. அத மட்டும் நிறுத்திக் குடு. மத்ததெல்லாம் பக்கா," என்கிறார். சத்தத்துக்குக் காரணம் தளர்ந்த ஒரு போல்ட்; ஸ்பானர் இரண்டே சுற்றில் அதன் வாயை அடைத்துவிடுகிறது. ஆனாலும் அவன் முகம் தெளியவில்லை. வெளியே வந்து, ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்குகிறான். சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது. "இங்க கை வைங்க மாமா." தரையில் நின்றபோது தொளதொளவென்று கிடந்த பிரேக் குழாய், இப்போது துணி காயப்போடும் கொடியைப் போல விறைத்து நிற்கிறது. அதன் முனையில் மெல்லிய வெடிப்பு. வெடிப்பில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு. "வண்டிய ஒசத்துனீங்க, இத நீளமா மாத்தல. இன்னும் ஒரு பெரிய பள்ளத்துல சக்கரம் இப்படித் தொங்குனா போதும், அறுந்துடும். அப்புறம் மிதிச்சாலும் நிக்காது." "இதுல சத்தமே வரலையேடா..." என்கிறார் அவர், விரலைத் துடைக்காமல். வாசலில் அக்கா, தூங்கும் குழந்தையை மறு தோளுக்கு மாற்றுகிறாள். "முடிஞ்சுதா? இருட்டறதுக்குள்ள மலை இறங்கணும்ல?" அவர் சாவியை மைத்துனனின் சட்டைப்பையில் போடுகிறார். பின்சீட்டிலிருந்து பால்புட்டிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்கிறார். "அடுத்த பஸ் எத்தன மணிக்கு, மாப்ள?"