தலை சரியாத்தான் இருக்கு

"தலை மட்டும் பெருசாகிட்டே போகுது, சிஸ்டர். உள்ளே நீர் கீர் கோத்திருக்குமோ?"

கேட்டுக்கொண்டே அவள் சுகாதார நிலைய பெஞ்சில் உட்கார்ந்தாள். மடியில் ஐந்து மாதப் பையன். பஸ்ஸில் யாரோ 'தலையன்' என்று கொஞ்சியதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நர்ஸ் குழந்தையை வாங்கி, புருவத்துக்கு மேலே ஆரம்பித்துப் பின்மண்டையைச் சுற்றி டேப்பை ஓட்டினாள். மூன்று தடவை. வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தாள்.

"நாற்பத்திரண்டரை சென்டிமீட்டர். தலை சரியாத்தான் இருக்கு."

"அப்போ பார்க்க ஏன் இப்படி...?"

"உடம்பு ஏறலையே! அஞ்சே முக்கால் கிலோ. ரெண்டு மாசமா எடை அப்படியே படுத்துக் கிடக்கு. உடம்பு வத்தினா தலை பெருசாத்தான் தெரியும். பால் குடுக்கறியா, இல்லையா?"

"குடுக்கறேன் சிஸ்டர்."

"வயிறு நிறைய?"

அவள் பார்வை வாசல் பக்கம் போனது.

"அழகு கெட்டுடும்னு பாதியிலேயே நிறுத்திடறியா? வாயைத் திறந்து சொல்லேன்!"

அந்த நேரம் வெளியே வராந்தாவில் ஒரு குழந்தை வீறிட்டது. அவள் ரவிக்கை சட்டென்று நனைந்தது. எழுந்தேவிட்டாள்.

"உன் பிள்ளை என் கையில தூங்குது. நீ எங்கே ஓடறே?"

"அது... எதிர் வீட்டுப் பாப்பா, சிஸ்டர். ரெண்டு மாசம் முன்னாடி அவ அம்மா பிரசவத்துலயே போயிட்டா. பவுடர் பால் கரைச்சா கக்கிடுது. இவன் பொறுத்துக்குவான்னு அதுக்கு முதல்ல குடுத்துடறேன். என் வீட்டுக்காரர்தான் வெளியே வெச்சுட்டு நிக்கறார்."

நர்ஸின் குரல் இறங்கியது.

"அதையும் உள்ளே கொண்டு வரச் சொல்லும்மா. இனிமே இவனுக்குத்தான் முதல் பங்கு. அதுக்கு ஒத்துக்கற பவுடரை டாக்டர்கிட்ட கேட்டு நான் ஏற்பாடு பண்றேன். நீ முதல்ல நல்லா சாப்பிடு."

உள்ளே வந்த குழந்தை அவள் மார்பில் முட்டியதுமே அடங்கியது. நர்ஸ் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதோட அம்மா உனக்கு அவ்வளவு நெருங்கின சிநேகிதியா?"

"சிநேகிதியா? மாடிப்படியில யார் குப்பை கொட்டினதுன்னு சண்டை. ரெண்டு வருஷமா மூஞ்சி குடுத்துப் பேசினதில்லை. பிள்ளை அழுதா சுரக்கற பாலுக்கு அதெல்லாம் தெரியுதா, சிஸ்டர்?"