பரங்கிக்காய்ப் பாடம்

மின்னசோட்டாவின் அக்டோபர் வெயில் இரண்டாம் வகுப்பின் சன்னல் வழியே சாய்ந்து, மேசை மேல் வரிசையாக வைத்த பரங்கிக்காய்கள்மீது விழுகிறது. இந்த மாதம் முழுக்க எல்லாப் பாடமும் பரங்கிக்காய்தான். விதையை எண்ணினால் கணக்காம், காய் அழுகினால் அறிவியலாம், அதன் கதையைச் சேர்ந்து சொன்னால் வாசிப்பாம். எழுத்துக் கூட்டிப் படிக்க வைப்பதெல்லாம் பழைய முறையாம். பெற்றோர் வந்து பார்க்கும் நாள் இது. மாவு மில்லில் மூட்டை தூக்கும் ஆர்வில், குழந்தைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறான். மகள் டார்லா பெரிய புத்தகத்தை விரித்து, வரிக்கடியில் விரலை ஓட்டிக் கணீரென்று வாசிக்கிறாள். பரங்கிச் சாறு பட்டு ஒட்டிய இரண்டு தாள்கள் சேர்ந்து புரள்கின்றன. படத்தில் பழுத்த காய் கிடக்கிறது. அவள் வாய் இன்னும் மஞ்சள் பூ பூத்த கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறது. விரல் நிற்கவில்லை. அந்த விரலை ஆர்விலுக்குத் தெரியும். சாப்பாட்டுக் கடையில் விலைப்பட்டியலின்மேல் அவன் ஓட்டுகிற விரல் அது. ஓட்டி முடித்துவிட்டுப் பக்கத்து மேசைத் தட்டைக் காட்டி, "அதையே குடு" என்பான். அம்மாக்கள் கை தட்டுகிறார்கள். "பொண்ணு உன்ன மாதிரி ஊமை இல்லப்பா, ஆர்வில்" என்று ஒருத்தி சீண்டுகிறாள்.

"டீச்சர், புள்ள படிக்கல. மனப்பாடமா ஒப்பிக்குது" என்கிறான் ஆர்வில்.

ஹால்வர்சன் டீச்சர் சிரிக்கிறாள். "கதை மனசுல ஏறிடுச்சுல்ல, அதாங்க வாசிப்பு. எழுத்து தானா வந்துரும்."

"எப்ப வரும்?"

"அவசரமே இல்லீங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நேரம் இருக்கு."

ஆர்வில் தொப்பியைக் கசக்குகிறான். கைதட்டல் ஓய்ந்துவிட்டதால் அவன் குரல் எல்லோருக்கும் கேட்கிறது.

"எனக்கு நாப்பத்தோரு வயசு டீச்சர். இன்னும் வரல."

டார்லாவின் விரல் வரி நடுவில் நிற்கிறது.