ஊதாப் பஞ்சு

2018 நவம்பர் பதினேழாம் நாள், சனிக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலவறையில், துணி உலர்த்தும் டிரையர் மூன்றாம் முறையாக ஓடி நின்றது. உள்ளே இருந்த துணிகள் அப்போதும் ஈரமாகவே இருந்தன.

அவள் டிரையரின் கதவைத் திறந்து முகர்ந்தாள்.

கருகல் வாடை.

இனிப் பொறுப்பதற்கில்லை.

மின்செருகியைப் பிடுங்கினாள். டிரையரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்தாள். சூடான காற்றை வெளியே கொண்டுபோகும் வெள்ளிநிறக் குழாய் பின்னால் வளைந்து கிடந்தது. துணிகளிலிருந்து உதிரும் பஞ்சு அதற்குள்தான் அடைத்திருக்க வேண்டும். கையுறை, திருப்புளி, பழைய செய்தித்தாள், குப்பைப் பை. நான்கையும் தரையில் வரிசையாக வைத்தாள்.

இது அவள் கணவர் செய்திருக்க வேண்டிய வேலை.

பெப்ரவரி மாதத்தில் ஒரு நாள் அவர் திருப்புளியோடு இங்கே இறங்கினார். ஒரு மணி நேரம் கழித்து மேலே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. தூசி என்றார்.

“ஆணி கறள் பிடிச்சிட்டுது. அசையுதில்லை.”

“கறள் ஆணியில இல்லையப்பா. உங்களிலதான்.”

அவர் திருப்புளியை இழுப்பறையில் போட்டு மூடினார்.

அதன்பின் இருமுறை அவளே தொலைபேசியில் ஆள் அழைத்தாள். இருமுறையும் அவர் அவளுக்குத் தெரியாமல் பேசி, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சோம்பல் முற்றினால் மனிதன் இப்படித்தான் ஆவான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

இன்று அவருக்குச் சனிக்கிழமை வேலை. நான்கரைக்கு முன் வர மாட்டார்.

குழாயைப் பிடித்திருந்த வளையத்தின் ஆணியில் திருப்புளியைப் பொருத்தினாள். உடம்பின் பலத்தையெல்லாம் கைக்குக் கொண்டுவந்து திருகினாள்.

மூன்றே சுற்று. ஆணி கழன்று உள்ளங்கையில் விழுந்தது.

கறள் இல்லை, துருவின் பொட்டுக்கூட இல்லை. பளபளவென்றிருந்தது.

குழாயின் முதல் ஒரு முழத்தில், சாம்பல்நிறப் படலம் மட்டுமே மெல்லியதாகப் படிந்திருந்தது. அதுவரை முன்பே ஒரு கை சுத்தமாக வழித்தெடுத்திருக்கிறது. வழித்துக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்றிருக்கிறது.

அவள் அதற்கப்பால் கையை விட்டாள். மெத்தென்று தடுத்தது. பிடித்து இழுத்தாள்.

ஊதா.

ஆரணியின் போர்வை நிறம்.

மருத்துவமனை குளிர்கிறது என்று மகள் கேட்டு வாங்கிய போர்வை. கழுவும்போதெல்லாம் கைகொள்ளாமல் பஞ்சு உதிர்க்கும். அதைத் தனியாகப் போட வேண்டும் என்று அவள் கண்டித்த நாள்களுக்குக் கணக்கில்லை.

போர்வை இப்போது இல்லை. இறந்தவரின் உடுப்பு எதுவும் முப்பத்தோராம் நாளைத் தாண்டி வீட்டில் தங்கக் கூடாது என்பது அவளுடைய பிறந்த வீட்டு வழக்கம். பட்டியல் எழுதியவள் அவள். பைகளில் அடுக்கிக் கட்டியவளும் அவளே. போர்வையை மட்டும் விடுவோமா என்று கணவர் அறை வாசலில் நின்று கேட்டார். முறை என்றால் முறைதான் என்றாள்.

அது பெப்ரவரி முதல் வாரம்.

அவர் திருப்புளியோடு இறங்கியது இரண்டாம் வாரம்.

பஞ்சை விளக்கின் கீழே கொண்டுபோனாள். உள்ளே ஏதோ மின்னியது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

தலைமுடி. நீளமான, கரிய முடி. ஒன்றிரண்டு அல்ல. பஞ்சோடு பஞ்சாகப் பின்னிக் கிடந்தது.

சிகிச்சை தொடங்கிய மாதம், அவள் தலையணை உறைகளையும் அந்தப் போர்வையையும் நாள்தோறும் கழுவினாள். கட்டிலில் படுத்தபடியே ஆரணி சிரித்தாள்.

“அம்மா, கொட்டுற தலைமயிருக்கும் ஒரு லிஸ்ட் போட்டு வையுங்கோ. பிறகு காணேல்லை எண்டு தேடுவீங்கள்.”

குப்பைப் பை வாய் திறந்து கிடந்தது.

அவள் சீமெந்துத் தரையில் உட்கார்ந்தாள். எதற்கும் நேரம் பார்ப்பவள், அன்று எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று பார்க்கவில்லை.

பிறகு எழுந்தாள்.

ஓர் இழையும் அறுந்துவிடாதபடி, பஞ்சை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். வளையத்தை மாட்டினாள். ஆணியை இறுக்கினாள். திருப்புளி மேலும் திரும்ப மறுத்த பின்னும் ஒருமுறை இறுக்கினாள்.

நிலவறையின் குறுக்கே நைலான் கயிற்றைக் கட்டி, ஈரத்துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டாள்.

நான்கரைக்கு அவர் வந்தார். நிலவறைப் படியில் நின்று கொடியைப் பார்த்தார். சுவரைவிட்டு விலகி நின்ற டிரையரைப் பார்த்தார். தரையில் கிடந்த திருப்புளியைப் பார்த்தார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

“இஞ்சரும்... கழட்டினீரே?”

பிறர் சொல்லும் சிறு பொய்யையும் பொறுக்காதவள் அவள்.

“இல்லையப்பா. ஆணி நல்லாக் கறள் பிடிச்சிட்டுது. அசையுதில்லை.”

அவர் மெதுவாக இறங்கி வந்தார். அவளுடைய முழங்கையருகே சட்டையில் ஒட்டியிருந்த ஊதாப் பஞ்சை இரண்டு விரல்களால் எடுத்தார். தன் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“நான் அப்பவே சொன்னனான்” என்றார்.

அன்று முடிவானது இவ்வளவே: டிரையர் இனி ஓடாது. அதை விற்பதில்லை, எவருக்கும் கொடுப்பதுமில்லை. துணிகள் நிலவறைக் கொடியிலேயே உலரும், பனிக்காலத்திலும்.