கூட வந்தவர்

சொட்டு மருந்து விட்டதும் கண் ஆஸ்பத்திரி முழுக்கப் புகையாகிவிட்டது.

எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. யார் என்னைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள் என்று இனிக் கொஞ்ச நேரம் தெரியாது.

தினமும் மாலையில் டிவியில் மருமகளைப் பாடாய்ப் படுத்துகிற மாமியார் நான்தான். தூங்கும்போதும் கழுத்து நிறைய நகை போட்டிருப்பேன். பாலில் விஷம் கலப்பேன், கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பேன், எந்தக் கேமரா திரும்பினாலும் முறைப்பேன்.

நிஜத்தில் எனக்கு மருமகளும் இல்லை, மகனும் இல்லை. கல்யாணமே ஆகவில்லை. சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. பஸ்ஸில் என் பக்கத்து சீட் கடைசி வரை காலியாகவே வரும்.

இங்கே ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் மருந்து விட்டிருந்தார்கள். பெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தவள் என் மடியில் உட்காரப் போய், சிரித்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரகசியம் சொல்வதுபோல மெல்லப் பேசினாள். அவளும் தனிக்கட்டைதானாம். ஒரே ஒரு ஆளுக்குச் சமைப்பதைப்போல அலுப்பான வேலை உலகத்திலேயே கிடையாது என்றாள். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அவளுக்குத்தான் அது தெரியாதே என்று ஞாபகம் வந்து, வாய்விட்டும் சொன்னேன்.

இப்படி ஒருத்தரோடு பேசி எத்தனை காலம் ஆகிவிட்டது. இவளுக்குக் கண் தெளியவே கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

நர்ஸ் வந்து, என் கூட வந்தவர் யார் என்று கேட்டாள். துணை இல்லாமல் வெளியே விடமாட்டார்களாம். தம்பி வண்டியை நிறுத்தப் போயிருக்கிறான் என்று காலையில் புளுகியிருந்தேன். இப்போது யாரும் இல்லை என்று ஒத்துக்கொண்டேன்.

நர்ஸ் குனிந்து என் முகத்தை உற்றுப் பார்த்திருக்க வேண்டும்.

"அட, நீங்களா? அந்தப் பொண்ணை அவ்வளவு கொடுமைப்படுத்தினா, கூட யாரு வருவா?"

பெஞ்சே சிரித்தது. பக்கத்தில் இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. என் கையை விட்டுவிட்டு எழுந்தாள். இவளும் அவ்வளவுதான் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏய்! யாருகிட்ட என்ன பேசறே? நான்தான் இவங்க கூட வந்திருக்கேன்."

எழுந்து நின்றவள்தான் கத்தினாள்.

அது டிவியில் நான் கத்துகிற அதே குரல். படப்பிடிப்பில் நான் வசனத்தை முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். அப்புறம் எங்கோ ஒரு டப்பிங் அறையில் ஒருத்தி தனியாக நின்று, என் உதட்டைப் பார்த்துப் பார்த்து அதைக் கத்துவாள். அவளை நான் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை.

வருஷக்கணக்காக என் வாயிலிருந்து வந்து எனக்குத் திட்டு வாங்கிக் கொடுத்த குரல், முதல்முறையாக எனக்காகக் கத்தியிருந்தது.

மிரண்டுபோன நர்ஸ் வழிவிட்டாள். துணைக்கு வந்தவளுக்கும் கண் தெரியாது என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நடந்தோம்.