சிலுப்பிய கிடா

“கேமராக்காரனுக்கு ஆடு கெடையாதுன்னு அப்பமே சொல்லிட்டேன். போலே அங்கிட்டு!”

சங்கரம்மாள் தொரட்டிக் கம்பை ஓங்காத குறையாகக் கத்தினாள்.

லிங்கராஜுக்கு முகம் சுருங்கிப்போனது. பி.எஸ்ஸி. படித்தவன். அவன் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். போயும் போயும் ஓர் ஆட்டுக்காரியிடம் இப்படிப் பேச்சு வாங்க வேண்டியிருக்கிறதே!

ஆனால், ஆடு இல்லாமல் திரும்ப முடியாது.

கோவில்பட்டியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் தங்கப்பாண்டியன் அண்ணாச்சி, வெளியூர்க்காரர்களை ஜீப்பில் கூட்டிப்போய் மேற்கு மலையடிவாரத்தில் சிறுத்தை காட்டுவதைப் புதுத் தொழிலாகத் தொடங்கியிருந்தார். தடம் பார்த்துச் சொல்வது லிங்கராஜின் வேலை. சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு இரண்டு நாளாகக் காலடித் தடத்தையும் காய்ந்த எச்சத்தையும்தான் அவனால் காட்ட முடிந்தது.

“பீயைப் படம் பிடிக்கவா அவிய இம்புட்டுத் தூரம் வந்தாக?” என்று காலையில் எரிந்து விழுந்தார் அண்ணாச்சி. “ஓடைப் பக்கம் ஒரு ஆட்டைக் கட்டு. தன்னால வரும்.”

“அது தப்புல்லா அண்ணாச்சி?”

“தப்புன்னா நாளைக்கு மூட்டையக் கட்டு. ரெண்டுல ஏதாவது ஒண்ணைக் கட்டித்தான் ஆகணும்லே.”

படித்து முடித்து வீட்டில் சும்மா கிடந்த நாட்கள் அவனுக்கு ஞாபகம் வந்தன. ‘இதுக்குத்தான் காலேஜுக்கு அனுப்புனியாக்கும்?’ என்று தெருவே அம்மாவைக் கேட்ட நாட்கள்.

“யக்கா, இது கேமராவுக்கு இல்ல. சொந்தத்துக்குக் கேக்குதேன்.”

“சொந்தத்துக்குன்னா? கறி திங்கவா?”

“நேர்ச்சை. எங்க ஊரு சுடலைச் சாமிக்கு.”

தொரட்டி கீழே இறங்கியது.

“எந்த ஊரு நீ?”

“கடம்பூரு.”

“அட, நம்ம பக்கம்! நான் எட்டயபுரத்துக்குக் கெழக்க. அங்க மழையே இல்ல, மேய்ச்சலுக்கு இங்கன வந்து கெடக்கேன். என்ன நேர்ச்சை? யாருக்கு?”

இதை அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான்.

“அம்மாவுக்கு... உடம்புக்கு முடியல யக்கா.”

அம்மா அந்நேரம் தீப்பெட்டி ஆபீஸில் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்து குச்சி அடுக்கிக்கொண்டிருப்பாள்.

சங்கரம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு மந்தைக்குள் போய்க் கறுப்புக் கிடா ஒன்றைப் பிடித்துவந்தாள். இருந்ததிலேயே நல்ல கிடா. ஆட்டுப் புண்ணுக்குப் போட வைத்திருந்த மஞ்சளைச் செம்புத் தண்ணீரில் கரைத்தாள்.

“சிலுப்புச்சுன்னாதான் குடுப்பேன். சாமிக்குச் சம்மதம் வேணும்லா?”

தெளித்தாள். கிடா உடம்பைச் சிலுப்பவில்லை. மறுபடியும் தெளித்தாள். அது அசை போட்டபடியே நின்றது.

“சாமி மொகம் குடுக்கலையே! வேப்பங்கொழை ஒடிச்சிட்டு வாரேன், பிடிச்சுக்கோ” என்று செம்பை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் முதுகு திரும்பியதும், லிங்கராஜ் மிச்சத் தண்ணீரைக் கிடாவின் காதுக்குள் சாய்த்தான். கிடா தலையிலிருந்து வால்வரைக்கும் உதறிச் சிலுப்பியது.

“யக்கா! சிலுப்பிருச்சு!”

சங்கரம்மாள் ஓடிவந்து குலவையிட்டாள். அந்த வெட்டவெளியில் ஒற்றை ஆளின் குலவை. அவன் நீட்டிய பணத்தை அவள் தொடவே இல்லை.

“சாமி கேட்டதுக்கு வெலையா? கொண்டுபோ. அம்மாவுக்குச் சொகமாயிரும்.”

பொழுது சாயும் நேரம் சிறுத்தை வந்தது. கிடா ஒரே ஒரு தடவைதான் கத்தியது. கேமராக்கள் சடசடத்தன. சென்னைக்காரர் ஒருவர், முழு ரோலும் தீர்ந்துவிட்டது என்று அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“பொழச்சுக்கிட்டலே!” என்று லிங்கராஜின் முதுகில் தட்டினார் அண்ணாச்சி.

அவன் சிறுத்தையைப் பார்க்கவே இல்லை. குனிந்தே நின்றான். ராத்திரி எல்லோரும் புரோட்டா சாப்பிட்டார்கள். அவன் இலையை அப்படியே மடித்துவிட்டு எழுந்தான்.

விடிந்ததும் மந்தையைத் தேடிக்கொண்டு போனான்.

“வா தம்பி. அம்மாவுக்குத் தேவலையா?”

அந்தக் கேள்வியிலேயே அவன் உடைந்துபோனான்.

“அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல யக்கா. நல்லாத்தான் இருக்காக. நேர்ச்சையும் இல்ல. கிடாவச் சிறுத்தைக்குக் கட்டிட்டோம்.”

சங்கரம்மாள் விலகிப் போன குட்டி ஒன்றைத் தொரட்டியால் மடக்கினாள். நாலு வசவாவது வைதால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

“சாமியும் சம்மதிக்கல யக்கா. நீங்க அங்கிட்டுப் போனதும் நான்தான் அது காதுக்குள்ள தண்ணிய ஊத்துனேன்.”

“பாத்தேன்.”

“பாத்தீகளா?”

“காதுக்குள்ள தண்ணிய ஊத்துனா நானுந்தான் சிலுப்புவேன்.”

லிங்கராஜால் நிமிர முடியவில்லை.

“பெறகு எதுக்கு யக்கா குலவ போட்டீக? எதுக்குக் கிடாவத் தந்தீக?”

சங்கரம்மாள் ஆடுகளைப் பார்த்தபடியே சொன்னாள்:

“சாமியவே ஏமாத்தப் பாக்கானே, ஆத்தா மேல இவனுக்கு அம்புட்டுப் பிரியமான்னு நெனச்சிட்டேன் தம்பி.”