மூன்றாவது வீட்டுப் படிக்கட்டு

மூன்றாவது வீட்டின் கேட்டுக்கு வெளியே நின்றபடியே சுஷ்மிதா சொல்லிவிட்டாள், இதுதான் நமக்குச் சரிப்படும் என்று.

இன்னும் உள்ளேயே போகவில்லையே என்றாள் சஹானா.

மறைமலைநகரில் அன்று பார்த்த மற்ற இரண்டு வீடுகளிலும் இப்படித்தான். முதல் வீட்டில், குளியலறையில் தண்ணீர் வடியாது என்று குழாயைத் திறக்காமலேயே சொன்னாள். திறந்து பார்த்தார்கள். வடியவில்லை.

இரண்டாவது வீட்டில், பெண்கள் கல்லூரிக்குப் போன பிறகு ஓனரம்மா மாற்றுச் சாவி போட்டு அலமாரிகளைக் குடைவாள் என்றாள். அதைச் சோதிக்க வழியில்லை. ஆனால் ஓனரம்மாவின் இடுப்பில் சாவிக்கொத்து பெரிதாகத்தான் இருந்தது.

எப்படித் தெரியும் என்று வரலட்சுமி கேட்டாள்.

விசாரித்தேன் என்றாள் சுஷ்மிதா. அது பொய் இல்லை.

முதல் ஆண்டு முழுவதும் அவள் செங்கல்பட்டிலிருந்து ரயிலில் வந்துபோனாள். தோழிகள் அவளுக்கு வைத்த பெயர் 'ஐந்தே முக்கால்'. பிறந்தநாள் கேக், சண்டை, சமாதானம், மாமல்லபுரம் போகும் திட்டம் எல்லாம் மாலையில் அவள் ஏறும் அந்த ரயில் போன பிறகுதான் நடக்கும். மறுநாள் காலையில் யாராவது கைப்பேசியில் படம் காட்டுவார்கள்.

சஹானாவும் வரலட்சுமியும் இந்த வாரம் விடுதியைக் காலி செய்ய வேண்டும். இன்று வீடு அமையாவிட்டால் சீனியர்கள் எடுத்திருக்கும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே இரண்டு கட்டில்தான் காலி.

இந்த வீட்டில் கேட்டை இரவு பத்துக்குத்தான் பூட்டுவார்கள். மொட்டைமாடிக்குப் போகலாம். தோழிகள் வந்தால் ஓனர் தலை எண்ண மாட்டார். இவ்வளவும் சுஷ்மிதா தெருவிலேயே சொல்லி முடித்தாள்.

ஓனர் பார்த்தசாரதி கதவைத் திறந்தார். படிக்கட்டு ஈரமாக இருந்தது. கரண்ட் போனதால் மோட்டார் போடத் தாமதமாகிவிட்டது, இல்லையென்றால் மூன்று மணிக்கெல்லாம் கழுவிக் காய்ந்திருக்கும் என்றார்.

மணி நாலரை. வீடு பார்க்க வரும் நேரத்தை முடிவு செய்தது சுஷ்மிதாதான்.

படிக்கட்டின் திருப்பத்தில் ஒரு பெண் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லம்மா, வழி விடு என்றார் ஓனர். அவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வரலட்சுமி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டாள்: "தண்ணி நல்லா வருமாக்கா?"

"வரும்மா. ரெண்டு வேளையும் வரும். நல்ல வூடு."

மூவரும் ஏறினார்கள். இரண்டு பேரின் செருப்புத் தடம் ஈரத்தில் பதிந்தது. சுஷ்மிதா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக ஏறினாள்.

இது என்ன கோயிலா என்று சஹானா கிண்டல் செய்தாள்.

வீடு முடிவானது. ஒன்றாம் தேதி குடிவருவது. அன்றைக்கே மொட்டைமாடியில் கேக் வெட்டி 'ஐந்தே முக்காலு'க்கு வேறு பெயர் வைப்பது.

அன்றைய ஐந்தே முக்கால் ரயிலில், மகளிர் பெட்டியில், சுஷ்மிதாவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. பக்கத்தில் கல்லூரிப் பெண்கள் இருவர். எல்லம்மா பெட்டியின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தாள்.

சிங்கப்பெருமாள் கோயிலில் கல்லூரிப் பெண்கள் இறங்கினார்கள். வண்டி நகர்ந்த பிறகு எல்லம்மா எழுந்து வந்து மகளுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"கண்ணாடி போட்ட பொண்ணு என்னை அக்கான்னுச்சி. நல்ல பொண்ணு."

சுஷ்மிதா தலையாட்டினாள்.

"ஒண்ணாந்தேதிலேந்து அந்த வூட்டு வேலைக்கு எனக்கு பதிலா லதா வருவா. ஓனராண்ட சொல்லிட்டேன்."

பரனூர் வந்தது, போனது.

"மாடிக் குழாயை இறுக்கி மூடணும். இல்லன்னா சொட்டிகினே கெடக்கும்."

"தெரியும்மா," என்றாள் சுஷ்மிதா. "நீதான சொன்ன."